நம்ம மாலை

அபிதகுசாம்பாள் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் சாப்பிட்டதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்த் தெருக்காரர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். மேடைக்கு நேர் எதிரே முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொள்வார். கண் மணப்பெண்ணின் கழுத்தை விட்டு நகராது. அந்தக் கழுத்தில் கிடப்பது அவருடைய மாங்காய் மாலை.

"இன்னா அபிதம்மா, டூட்டியா? போலீஸ்காரனுக்குக்கூட நடுவுல டீ குடுக்கறாங்க, உனக்கு அதுவும் இல்ல."

"நீ போய் துன்னுட்டு வா. எனக்கு வடை மட்டும் தீராம பாத்துக்க."

ஆரணியில் நான் பி.எஸ்சி. படித்தபோது அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் என்னுடையது. எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதை எழுதினாலும் இதை ஒரு தடவை சொல்லிவிடுவது என் வழக்கம். கீழே அபிதம்மாவும் அவர் கணவர் மாணிக்கவேலும் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்தார்கள். ஒரே மகன் பெங்களூர்ப் பக்கம் விசைத்தறிக்குப் போயிருந்தான்.

அந்த மாலை அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்தது. தங்கத்தில் மாங்காய் மாங்காயாகச் செய்து, ஒவ்வொன்றிலும் சிவப்புக் கல் பதித்து, இடைவெளி தெரியாமல் நெருக்கிக் கோர்த்தது. பிடரியில் பொடிசாகத் தொடங்கி முன்னால் வர வரப் பெரிதாகும். நடுவில் ஒரு பதக்கம். மற்றதெல்லாம் எந்த மாங்காய் மாலையிலும் இருக்கிறதுதான். ஆனால் இதில் இரண்டு பக்கத்து மாங்காய்களும் மூக்கை மேல்நோக்கி வளைத்து, போட்டிருப்பவளின் முகத்தையே பார்க்கும். பார்க்கிறவர் கண்ணும் அதன் வழியே ஏறி முகத்தில் போய் நிற்கும். கறுத்த பெண் போட்டால் கல் ஆழமாகச் சிவக்கும். சிவந்த பெண் போட்டால் தங்கம் முன்னால் வரும். ஒல்லிக் கழுத்தை நிரப்பும். தடித்த கழுத்தை நீட்டிக் காட்டும். எந்தக் கலர் பட்டோடும் சண்டைக்கு நிற்காது.

தீபாவளிக்குத் தீபாவளி வேலூர்க் கடைகளிலிருந்து தெருவுக்குப் புது டிசைன் ஒன்று வந்து இறங்கும். இலை மாதிரி, மயில் மாதிரி, சினிமாவில் யாரோ போட்டது மாதிரி. அடுத்த தீபாவளிக்குள் அதை வாங்கியவளே வெட்கப்பட்டு முந்தானைக்குள் தள்ளிக்கொள்வாள். மாங்காய் மாலையை யாரும் அப்படித் தள்ளி நான் பார்த்ததில்லை.

மாணிக்கவேல் ஒருநாள் தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நானும் பட்டுல மாங்கா போடறேன் தம்பி. என் மாங்கா சும்மா படுத்துகினு இருக்குது. அந்த மாங்கா எழுந்து நின்னு ஆள பாத்துப் பேசுது. அது எந்த பத்தர் கையோ."

அதை வெளியே கொடுக்கும் பழக்கம் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கியதாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணின் வெறுங்கழுத்தைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசியது அபிதம்மா காதில் விழுந்திருக்கிறது. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார், மாலையோடு வந்தார், பெண் கழுத்தில் மாட்டினார். பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அந்த மாலை இல்லாமல் எந்தப் பெண்ணுக்கும் தாலி ஏறவில்லை. எந்த வீட்டு ஆல்பத்தைப் பிரித்தாலும் முகம்தான் வேறு, மாலை ஒன்றுதான்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மாட்டுவதும் அவர் கை, கழற்றுவதும் அவர் கை. பழைய கொக்கி அது. நகத்தால் ஒரு பக்கத்தை அழுத்திப் பாதி திருப்பினால்தான் வழிக்கு வரும். பந்தி முடிந்ததும் மணமகள் அறைக்குப் போய்க் கழற்றி, இடுப்புப் பையில் முடிந்துகொண்டு, பிறகுதான் இலைக்கு முன்னால் உட்காருவார்.

தெருவில் அதை யாரும் 'அபிதம்மா மாலை' என்று சொல்வதில்லை. 'நம்ம மாலை' என்பார்கள். "நாளைக்கு முகூர்த்தம், நம்ம மாலைய எடுத்து வெச்சிட்டியா?" என்பார்கள். அபிதம்மாவும் அப்படித்தான் சொல்வார். இந்த 'நம்ம' பெரிய வினையைக் கொண்டுவந்தது.

1999ஆம் வருஷம். எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி தங்கவேலு வீடு. அவர் மனைவி லீலா. ஒரே பெண் சுகன்யா. அவளைப் பார்க்கப் போளூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை திருமலை அங்கே மருந்துக்கடை வைத்திருந்தான். பேச்சு வார்த்தை எல்லாம் அவனுடைய அம்மா கன்னியம்மாள் கையில். நல்ல உயரம்; நெற்றியில் பெரிய பொட்டு; ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார்.

பெண் பார்க்கும் நாளிலும் சுகன்யா கழுத்தில் அந்த மாலைதான். பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னியம்மாள் எழுந்துவந்து, ஒரு மாங்காயை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு மாலைங்க?"

லீலா தெருப் பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "நம்ம மாலைதாங்க."

"நம்ம மாலையா!"

"ஆமாங்க, நம்ம மாலை."

கன்னியம்மாள் முகம் மலர்ந்தது. தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். 'எங்க மாலை' என்றால் பெண் வீட்டாருடையது. 'நம்ம மாலை' என்றால் போளூரும் அதில் சேர்ந்தாயிற்று, பெண்ணோடு வருகிறது. அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. அவர் கிளம்பிப் போன பிறகுதான் லீலாவுக்கு அது உறைத்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் திருத்தவும் வாய் வரவில்லை.

திருத்த முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. கன்னியம்மாளின் மூத்த மருமகள் ஒரு வளையலைத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று மாமியாரிடம் சொன்னாளாம். உண்மை தெரிந்த அன்றைக்கே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிய கன்னியம்மாள் அடுத்த பொங்கல் வரைக்கும் கூப்பிடவே இல்லை. இந்தக் கதை நிச்சயம் முடிந்த பிறகுதான் லீலா காதுக்கு வந்தது. அழுதுகொண்டே அபிதம்மாவிடம் வந்தார்.

"அன்னிக்கு ஒருநாள்தான யக்கா. முகூர்த்தத்துக்குப் போட்டுட்டு கழட்டிக்கலாம். அப்பறம் கேட்டா, பெரிய நகை, எங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்லி சமாளிச்சிக்கறேன்."

"சமாளி" என்றார் அபிதம்மா. வேறென்ன சொல்வது?

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். தாலி ஏறியது. அபிதம்மா முன்வரிசையில் காவல் இருந்தார். திடீரென்று மேடையில் ஒரு பரபரப்பு. கன்னியம்மாள் ஜோசியக் குறிப்பைப் பார்த்துவிட்டு, ராகு காலத்துக்கு முன்னால் மருமகள் போளூர் வாசப்படியை மிதிக்க வேண்டும் என்றார்.

"சாப்பாட்ட கட்டிக் குடுத்துடுங்க சம்மந்தி, அங்க போய் துன்னுக்கறோம். ஜல்தி, ஜல்தி. டேய் திருமல, பொண்ண கூட்டிகினு வா."

மணமகள் அறைக்குப் போக வழியே இல்லாமல் போயிற்று. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். லீலா கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் தவித்தார். அபிதம்மா முண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது யாரோ அவர் கையில் ஆரத்தித் தட்டைத் திணித்தார்கள். "நீயே சுத்து அபிதம்மா, உன் கைராசி."

சுற்றினார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீர் தட்டில் தளும்பியது. அதற்கு நேர் மேலே அவருடைய மாலை. சுகன்யா அவரையே பார்த்தாள். அவள் கை மெல்லப் பின்கழுத்துக்குப் போனது.

"கைய எறக்கும்மா, போட்டோ எடுக்கறாங்க" என்றார் கன்னியம்மாள்.

கை இறங்கிவிட்டது. அபிதம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் முன்னால், 'கொஞ்சம் இரும்மா, அது என் நகை' என்று. தட்டில் விரலைத் தொட்டு சுகன்யாவின் நெற்றியில் பொட்டு வைத்து, "நல்லா இரு" என்றார். வேன் கிளம்பிப் போயிற்று. மாலையும் அதோடு போனதை அந்த அவசரத்தில் தெருவில் யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்த சுகன்யாவின் கழுத்தில் தாலிக்கயிறும் ஒரு மெல்லிய சங்கிலியும் மட்டும் இருந்தன. என்ன நடந்ததென்று அடுப்படியில் வைத்து அபிதம்மாவிடம் சொன்னாள். "அன்னிக்கு ராத்திரியே அத்த பூவெல்லாம் எடுத்துட்டு தல வழியா கழட்டிட்டாங்க பெரிம்மா. பீரோல வெச்சி பூட்டிட்டாங்க. பஸ்ல போறப்போ இது எதுக்குன்றாங்க. நான் இன்னா சொல்லிக் கேக்கறது?"

"நீ ஒண்ணும் கேக்காத" என்றார் அபிதம்மா. "வாயத் தொறந்த, உன் ஓரகத்தி கதிதான் உனக்கும்."

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். சுகன்யா வந்தாள், மாலை வரவில்லை. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப்போக வேண்டும். இதற்கு நடுவில் விஷயம் வெளிப்பட்டால் கூட்டிப்போக வரவே மாட்டார்கள். ஆடிக்கு வந்தவள் ஆடியோடு நின்றுவிடுவாள். அந்த வீட்டில் இரவல் மாலை என்பதைவிடப் பொய் என்பது பெரிய குற்றம். அபிதம்மா அந்த மாதம் முழுக்க இந்தக் கணக்கைத்தான் மனசில் போட்டுக்கொண்டிருந்தார். தறியில் இழை அறுந்தால் பத்து விநாடியில் முடிச்சுப் போடுகிறவர், அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனார். மாணிக்கவேல் பக்கத்துத் தறியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவார்.

அப்போது அதே தெருவிலிருந்து சுப்பராயலு வீட்டு அம்மா வந்து நின்றார். அவர் பெண்ணுக்கு ஆவணி முதல் முகூர்த்தம்.

"நம்ம மாலைய கொஞ்சம் பாலிஷ் போட்டு வெச்சிடு அபிதம்மா."

"பாலிஷுக்குத்தான் குடுத்திருக்கேன்."

"எந்த கடைல?"

"வேலூர்ல."

"வேலூர்லயா? நம்ம ஊர்ல இல்லாத பாலிஷா?"

அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது. மறுநாளே மாலை அடகுக்குப் போய்விட்டது என்று தெரு பேசியது. மகன் பெங்களூரில் ஏதோ மாட்டிக்கொண்டானாம், அதற்காம். தண்ணீர்க் குழாயில் அபிதம்மா குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். லீலா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு ஓரமாக நிற்பார். அவரும் உண்மையைச் சொல்ல முடியாது.

"போய் கேளு. நம்ம பொருள்தான? திருடவா போற?" என்று மாணிக்கவேல் இரைந்தார்.

"நீயும் வா."

"நான் வந்தா உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். அப்பறம் அந்தப் பொண்ணு இங்கயே ஒக்காந்துக்கும். என்ன இழுக்காத."

அதனால் நான் போனேன். ஆடிக் கடைசி வெள்ளி. ஒரு கூடையில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ. போளூர் பஸ்ஸில் அபிதம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். களம்பூரில் வேகவைத்த நெல் வாசனை பஸ்ஸுக்குள் வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நான் இன்னா சொன்னாலும் நீ குறுக்க பேசாத தம்பி. தெரியாத மாதிரி இரு."

"இன்னா சொல்லப் போறீங்க?"

"அதான் எனக்கே தெரியல."

கன்னியம்மாள் வீட்டில் மொசைக் தரை. எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. கன்னியம்மாள் என்னைப் பார்த்தார்.

"யாரு இந்தப் புள்ள?"

"எங்க மாடியில இருக்கறாரு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

"கெமிஸ்ட்ரியா? அப்ப தங்கம் மாத்து பாப்பியா?"

"ஆசிட்டோட நிறுத்திடுவோங்க" என்றேன். கன்னியம்மாள் சிரித்துவிட்டார். அபிதம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரில் காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சம்மந்தி. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க."

"ஒண்ணுமில்ல. ஆவணி மொத முகூர்த்தம் எங்க தெருவுல ஒரு கல்யாணம். சுப்பராயலு வீட்டுப் பொண்ணு. உங்களையும் கூப்பிடச் சொன்னாங்க." அபிதம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பறம், தெருவுல ஒரு வழக்கம் கீது. எந்தப் பொண்ணா இருந்தாலும் நம்ம மாலைய போட்டுத்தான் தாலி கட்டறது. இப்ப அது உங்க வீட்ல இருக்குது. அதான்… ஒருநாளைக்கு குடுத்தீங்கன்னா…"

தன் சொந்த நகையை இரவல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடானது.

கன்னியம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "நகைய வெளிய குடுக்கற பழக்கம் இந்த வீட்ல கெடையாதுங்க."

"தெரியுங்க."

"தெரிஞ்சிதான் வந்தீங்களா?"

"வழக்கம் நின்னுபோச்சின்னா அந்தப் பொண்ணு மனசு வேற மாதிரி ஆயிடுங்க. எல்லாருக்கும் போட்டாங்க, எனக்கு மட்டும் இல்லன்னு."

கன்னியம்மாள் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு மஞ்சள் துணி மூட்டையும் ஒரு சிவப்புப் பெட்டியுமாகத் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்து காட்டினார். பளபளவென்று ஒரு கழுத்து நகை.

"போன தீபாளிக்கு வேலூர்ல என் பொண்ணு காவ்யாவுக்கு எடுத்தது. கடைல கண்ண பறிச்சிது. இப்ப பாத்தா கண்ணே போவல." துணியைப் பிரித்து மாலையைப் பக்கத்தில் வைத்தார். "இத்த பாருங்க. டெய்லி ஒருதரம் எடுத்து பாக்கறேன், அலுக்க மாட்டுது. எங்கம்மா கழுத்துல இதே மாதிரி ஒண்ணு பாத்திருக்கேன். பங்கு பிரிக்கச்ச எங்கண்ணன் அழிச்சி சங்கிலியா பண்ணிகினான். அன்னிக்கு அழுத அழுக! உங்க லீலா 'நம்ம மாலை'ன்னாங்க பாருங்க, என் மனசே குளுந்து போச்சு. பேசறப்பவே உன்னுது என்னுதுன்னு பிரிக்காம பேசறாங்களேன்னு."

அபிதம்மாவின் விரல் மாலையைத் தொடப்போய் நின்றது. ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பார்க்கிறார். கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தை மாசம் காவ்யாவுக்குக் கல்யாணம். இத்த போட்டுத்தான் பண்ணணும்னு வெச்சிருக்கேன்" என்றார் கன்னியம்மாள். அப்புறம் துணியை மடித்துக்கொண்டே, "சரி. உங்க வழக்கத்த நான் கெடுக்கல. ஆனா நான்தான் கொண்டாருவேன், நான்தான் மாட்டுவேன், நான்தான் கழட்டிகினு வருவேன். வேற கை படக்கூடாது."

"சரிங்க" என்றார் அபிதம்மா.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது நான் கேட்டேன்: "திருப்பி எடுத்துகினு போயிட்டா?"

"போவட்டும். அது போளூர்ல இருந்தா இன்னா, ஆரணில இருந்தா இன்னா. பொண்ணு அந்த வீட்ல இருக்கணும்." கொஞ்ச தூரம் நடந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வெயில்" என்றார். வெயில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆவணி முகூர்த்தம் காலை ஏழரை மணிக்கு. கன்னியம்மாள் முதல் பஸ்ஸிலேயே திருமலையோடு வந்து இறங்கிவிட்டார். கையில் மஞ்சள் துணி. வேலூரில் பாலிஷ் போட்ட மாலையைப் போளூர் சம்மந்தி வாங்கி வருகிறார், இந்தத் தடவை அவரே மாட்டட்டும் என்று அபிதம்மா சுப்பராயலு வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். மண்டபத்தில் அவரைப் பார்த்ததும் லீலா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். சுகன்யா ஓடிவந்து மாமியார் காலைத் தொட்டாள்.

முகூர்த்தப் பட்டு கட்டிக்கொண்டு மணப்பெண் மேடைக்கு வந்து உட்கார்ந்தாள். தலை நிறையப் பூ, ஜடை, நெற்றிச்சுட்டி. கன்னியம்மாள் பின்னால் போய் நின்று மாலையைக் கழுத்தில் வைத்தார். கொக்கியை வளையத்தில் மாட்டினார். நிற்கவில்லை. மறுபடி மாட்டினார். வழுக்கியது. தன் வீட்டில் அதைத் தலைவழியாகக் கழற்றியவர் அவர். கொக்கிப் பக்கம் போனதே இல்லை. இப்போது அவ்வளவு பூவுக்கு மேல் தலைவழியாகப் போடவும் முடியாது.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நேரம் ஆவுதும்மா."

கன்னியம்மாள் நெற்றி வேர்த்தது. திருமலையைக் கூப்பிட்டார். அவனும் முயன்றான். பெண் கழுத்தை வளைத்து வளைத்து நோக ஆரம்பித்தாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன்வரிசையில் அபிதம்மா இரண்டு கையையும் மடிக்குள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சுகன்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

சுப்பராயலு வீட்டு அம்மாதான் அதைச் செய்தார். மேடையிலிருந்தே கத்தினார்: "அபிதம்மா! இன்னா கல்லு மாதிரி ஒக்காந்திருக்க? வந்து மாட்டு! உன்ன வுட்டா அந்தக் கொக்கி யாருக்கு மசியும்?"

இன்னும் நாலு குரல்: "ஆமா, அபிதம்மா, வா வா! நேரம் போவுது!"

கன்னியம்மாள் தலையை மெல்லத் திருப்பினார்.

எழுந்தால் வெளிப்பட்டுவிடும். எழாவிட்டால் மேடையில் ஒரு பெண்ணின் முகூர்த்தம் தப்பிவிடும். அபிதம்மா ஒரு கணம் சுகன்யாவைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். கன்னியம்மாள் கையிலிருந்து இரண்டு முனையையும் வாங்கினார். நகத்தால் அழுத்தினார். பாதி திருப்பினார். மாலை உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். கண்ணால் பார்க்காமல், விரலாலேயே.

கெட்டிமேளம் முழங்கியது. கன்னியம்மாள் அட்சதை போட மறந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி ஏறியதும் அவர் மேடையை விட்டு இறங்கினார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அப்புறம் என்றார். முன்வரிசையில் அபிதம்மாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் குசலம் விசாரித்தார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"உங்க கல்யாணத்துக்கும் இந்த மாலைதானா?"

"ஆமாங்க, நம்ம மாலைதான்."

"யாரு மாட்டனாங்க?"

"அபிதம்மாதான். வேற யாரு?"

லீலா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சுகன்யா நகரவே இல்லை. முடிந்துவிட்டது, இனிமேல் இந்தப் பெண் போளூர் போகப்போவதில்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பந்தி முடிந்தது. மணமகள் அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். கன்னியம்மாள் வாசலை மறித்தது போல நின்றுகொண்டு, "நீங்களே கழட்டுங்க" என்றார்.

அபிதம்மா கழற்றினார். மாலை கையில் சரிந்து விழுந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி, கன்னியம்மாளுக்கு நேராக நீட்டினார். "இந்தாங்க சம்மந்தி." மாங்காய்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கேட்டது.

கன்னியம்மாள் வாங்கவில்லை.

"எவ்ளோ வருசமா மாட்டறீங்க?"

"இருபது வருசம் இருக்குங்க."

"உம்."

கன்னியம்மாள் மாலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தினமும் பீரோவைத் திறந்து பார்த்த கண் அது. பிறகு அபிதம்மாவின் கையைத் தன் கையால் மெல்ல மடக்கினார், மாலை உள்ளே இருக்கும்படி.

"பஸ்ல இத்த தூக்கிகினு அலையறது பேஜாரா இருக்குது. இங்கயே இருக்கட்டும். தை மாசம் நீங்களே கொண்டாந்து காவ்யாவுக்கு மாட்டுங்க. எனக்கு அந்தக் கொக்கியோட மல்லுக்கு நிக்க முடியாது."

அபிதம்மா மாலையை இடுப்புப் பையில் முடிந்துகொண்டார்.

கன்னியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். பொட்டு வைத்த அந்த முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

"எனக்குப் பொய் ஆவாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அத்த."

"இன்னொருதரம் எதுன்னாலும் மொதல்ல என்கிட்ட வந்து சொல்லணும். நாலு பேரு முன்னால நான் கொக்கி மாட்டத் தெரியாம நிக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது அத்த."

"அப்ப இன்னா மரமாட்டம் நிக்கற? போயி துணிய எடுத்து வை. அஞ்சு மணி பஸ்ஸுக்கு வீட்டுக்குப் போவணும்."

சுகன்யா ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை.